கல்லூரிக் கதவை அடைத்தவர் யாவர்?

நம் திருப்பத்தூரினின்று வடமேற்கே சென்று, சிங்கம்புணரியைக் கடப்பார்க்குப் பிரான்மலை தோன்றும். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வேள் பாரி ஆண்ட பறம்பு இம்மலையே என அறிஞர் கொள்வர். மூவேந்தர் பகையால் தந்தையையும் குன்றையும் ஒருங்கே இழந்த பாரி மகளிர் பாடிய பாட்டொன்று, புறநானூற்றில் 112-ஆம் பாட்டாக நின்று நிலவுகின்றது. அங்கவை, சங்கவை என்னும் பெயர்கள் பிற்கால வழக்கில் வந்து வழங்கினவேனும், பாட்டைப் பாடினோர் பாரி மகளிர் என்றே அத்தொகை கூறும். இன்னும், சிவகங்கைப் பக்கத்து ஒக்கூரே மாசாத்தியாரைப் பெற்ற ஊரென்று சொல்வாரும் உளர். வெள்ளிவீதியார், காக்கைபாடினியார் நச்செள்ளையார், ஔவையார் முதலாகச் சங்கச் செய்யுள் யாத்த பெண்பாற் புலவர் முப்பதின்மருக்குக் குறையார். ஆகவே, பெண்கல்வி என்பது மேனாட்டார் கப்பலேற்றிக் கொணர்ந்த புதுச்சரக்கென்று எவரேனும் கூறின், அன்னார் தம் ஊர் மலையையே ஏறிட்டுப் பாராதவர் என்க.

ஆயின், இடைக்காலத்தே நேர்ந்தது யாது? பிள்ளைகட்குத் திண்ணைப் பள்ளிக்கூடம் இருந்தது; மணலில் விரல்வைத்து எழுதப் பழகினர்; எண்சுவடி மனனம் பண்ணினர். பெண்மக்களோ அடுக்களைப் புகையிலும் இளமை மணத்திலும் ஒடுங்கினர். ஆடவர் கொண்டு விற்கக் கடல்கடந்து பர்மாவுக்கும் மலாய் நாட்டுக்கும் ஈழத்துக்கும் சென்று ஆண்டுக்கணக்காய் ஆங்குத் தங்க, ஈண்டுப் பெருமனைகளைக் கட்டி ஆண்டவர் பெண்டிரே. வரவு செலவு, கொடுக்கல் வாங்கல், நல்லது பொல்லது யாவும் அவர் மனக்கணக்கில் நின்றன. அத்துணை அறிவுடையோரிற் பலர், கணவன் வரைந்த கடிதத்தைப் பிறரைக்கொண்டு படிப்பித்துக் கேட்டனர் என்பதை எண்ணுந்தோறும் நம் நெஞ்சம் நாணமுறுகின்றது. 1901-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்திய நாட்டில் எழுத்தறிவுடைய பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இலர். அக்காலத்தே, நம் பகுதியை அடுத்த புதுக்கோட்டையில், ஓர் இளம்பெண் எழுப்பிய வழக்கையே யாம் இவண் எடுத்துரைக்கப் புகுந்தனம். வழக்கென்றது நீதிமன்றத்து வழக்கன்று. கல்லூரி வாயிலில் நின்று, ‘எம்மையும் உள்ளே விடுக’ என்று கேட்ட வழக்கு.

அவ்விளம்பெண்ணே பின்னாளில் மருத்துவப் பேரறிஞராய் விளங்கிய முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். இவர் 1886-ஆம் ஆண்டு சூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டைச் சீமையிற் பிறந்தவர். தந்தையார் நாராயணசாமி ஐயர், புதுக்கோட்டை மன்னர் கல்லூரியின் தலைவராய் விளங்கியவர். தாயார் சந்திரம்மாள், தேவதாசி மரபில் தோன்றியவர். அம்மணத்தால் ஐயர் தம் சுற்றத்தாரால் ஒதுக்கப்பெற்றார். தாய்வழியால் உலகம் இழித்துப் பேசும் பிறப்பு. தந்தை வழியாலும் சுற்றமின்மை. இவ்விரண்டுக்கும் இடையே பிறந்த மகவுக்குக் கல்வி ஒன்றே பற்றுக்கோடாயிற்று.

தொடக்கத்தில் தந்தையாரும் மகளைப் பெரும்புலமைக்கு ஆக்கக் கருதினாரல்லர். பால்காரன் கணக்கும் வண்ணான் கணக்கும் எழுதத்தக்க அளவு தமிழ் கற்றாற் போதும் என்பதே அவர் கருத்தாயிருந்தது. மற்று, கற்பித்த ஆசிரியரோ சிறுமியின் கூர்த்த மதியைக் கண்டு, பெற்றோர் அறியாமலே ஆங்கிலமும் தொடங்கிவைத்தார். பள்ளியாசிரியராகிய எம்மனோர் இச்செய்தியை மறவாது நெஞ்சில் இருத்தற்பாலர். ஒரு நாட்டின் வரலாற்றை மாற்றிய கல்வி, பெயர்கூடப் பலர் அறியாத ஆசிரியர் ஒருவர் துணிந்து செய்த சிறு ‘குற்ற’த்தில் தொடங்கிற்று!

பதின்மூன்றாம் அகவையில், அக்கால வழக்கப்படி, பள்ளிக்குச் செல்லுதல் நின்றது. தாயார் மணம் பேசத் தலைப்பட்டார். அதனைக் குறையென்று கூறற்கில்லை. மகள் நல்வாழ்வு பெறல் வேண்டும் என்னும் தாயன்பே அங்ஙனம் பேசுவித்தது. மகளோ இசைந்திலள். அழுதும் வாதாடியும் மணத்தைத் தள்ளி, வீட்டிலிருந்தே படிப்பைத் தொடர்ந்தாள். தந்தையாரும் மனந்திரும்பித் தாமே ஆசானாயினார். 1902-இல் அப்பெண் மெட்ரிகுலேசன் தேர்வில் வென்றாள். வீட்டிலிருந்து படித்த பெண்ணொருத்தி அத்தேர்வில் வெற்றியுறுதல் அந்நாளில் ஊரே வியந்த செய்தி.

இனி மேற்படிப்பு எங்ஙனம்? புதுக்கோட்டையில் இருந்ததோ ஒரே கல்லூரி. அஃதும் ஆடவர்க்கே உரியது. முத்துலட்சுமி அதிற் சேர விண்ணப்பித்தாள். உடனே ஊரிற் புயல் எழுந்தது. கல்லூரித் தலைவர் விரும்பினாரல்லர். ஆசிரியர் சிலர் தடை கூறினர். மாணவர்தம் பெற்றோர் வெகுண்டனர். அவர் கூறிய தடைகள் இரண்டு. ஒன்று, பெண்ணென்பது, மற்றொன்று, இன்ன மரபினள் என்பது. ஆண்பிள்ளைகளின் ஒழுக்கம் இவளாற் கெடும் என்று கூறவும் அவர் நா கூசிற்றில்லை. பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி, கணக்கும் மொழியும் கற்க விரும்பியதன்றி வேறு குற்றம் யாதும் செய்திலள். ஆயினும் ஊரே அவள் மீது தீர்ப்புரைத்தது.

அந்நாளிற் புதுக்கோட்டையை ஆண்டவர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். அம்மன்னர் தடைமொழிகளைப் பொருட்படுத்தாது, அப்பெண்ணைச் சேர்த்துக்கொள்ளுமாறு ஆணையிட்டார். 1904-இல் முத்துலட்சுமி மன்னர் கல்லூரியுட் புகுந்தாள். அக்கல்லூரியிற் பயின்ற முதற்பெண் அவளே. மூடுவண்டியில் வருதலும், வகுப்பில் ஆண்பிள்ளைகள் காணாவாறு திரைக்குப் பின்னிருந்து பாடங்கேட்டலும், மணியடித்தபின் தனியே செல்லுதலுமாக அவள் படிப்பு நடந்ததென்பர். திரைக்குப் பின்னே இருந்தமையால் அவளை எவரும் கண்டிலர். அவள் கேட்ட பாடமோ திரைக்கு அப்பாலும் இப்பாலும் ஒன்றே!

அன்பர்காள்! இவ்விடத்துச் சற்றே நின்று ஒன்றை எண்ணிப் பார்ப்போம். இவ்வரலாற்றைச் சொல்வோர், மன்னர் கதவைத் திறந்தார் என்று புகழ்ந்து மேற்செல்வர். புகழ வேண்டுவதே. ஆயின், திறக்கப்பெற்ற கதவை முன்னர் அடைத்திருந்தவர் யாவர்? அரக்கரா? கள்வரா? அல்லர். நாள்தோறும் கோயில் சென்று திருநீறணிந்து, ஏழைக்கு இரங்கி, தம் மக்களைக் கல்லூரிக்கு அனுப்பிய நல்ல குடும்பத்தாரே அடைத்தனர். அவர்தம் வாயினின்று வந்த சொற்கள் ‘குலம்’, ‘மரபு’, ‘மானம்’ என்பன. இச்சொற்கள் நமக்குப் புதியனவல்ல. நம் சங்கக் கூட்டங்களிலும் நாள்தோறும் ஒலிப்பனவே. ஒரு சமூகத்தார் கூடித் தம் மக்களை முன்னேற்றுதல் நன்று. அக்கூட்டுறவே, பிறர் மகளையோ தம் மகளையோ வாயிலில் நிறுத்தும் தடிக்கோலாகுமேல், அது முன்னேற்றமன்று. வேலியே பயிரை மேய்தலாம். 1904-இல் நாம் புதுக்கோட்டையில் வாழ்ந்திருப்பின் எப்பக்கம் நின்றிருப்போம்? இவ்வினாவுக்கு விடை காணும் பொருட்டே இக்கட்டுரை எழுந்தது.

மேற்கதையைச் சுருங்கக் கூறுதும். 1907-இல் முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். அடிக்கடி நோயுற்றமெலிந்த உடம்பினராயினும், 1912-இல் சிறப்புறத் தேறி மருத்துவப் பட்டம் பெற்றார். 1914-இல் மருத்துவர் சுந்தர ரெட்டியாரை மணந்தார். மணத்துக்கு முன்பே, தம் தொண்டுக்குத் தடைசெய்யாமையும் தம்மைச் சமமாக நடத்துதலும் வேண்டும் என்று அவரிடம் உறுதி பெற்றுக்கொண்டனர் என்பது குறிக்கத்தக்கது. அம்மையார் பிறந்த அதே 1886-ஆம் ஆண்டிலேதான் சுப்புலட்சுமி அம்மையாரும் பிறந்தனர். சிறுமியாய் இருந்தபோதே கைம்மையுற்ற அவரை, அவர்தம் தந்தையார் மூலையில் இருத்தாது படிக்கவைத்தார். அவர் 1911-இல் பி.ஏ. பட்டம் பெற்று, இளங்கைம்பெண்கட்குச் சென்னையில் இல்லமும் பள்ளியும் கண்டு, ‘சகோதரி’ என்று யாவரும் அழைக்கும் பெருமை பெற்றார். ஒருவர்க்குப் பிறப்புத் தடை. மற்றவர்க்குக் கைம்மை தடை. இருவரும் தாம் நுழைந்த வாயிலைத் தமக்குப் பின் அடைத்தாரல்லர்.

1926-இல் முத்துலட்சுமி அம்மையார் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பெற்றார். பிரிட்டிஷ் இந்தியச் சட்டமன்றங்களில் இடம்பெற்ற முதற் பெண்மணி அவரே. அம்மன்றத்தின் துணைத்தலைவராகவும் தெரிந்தெடுக்கப்பெற்றார். ஆங்கு அவர் இடைவிடாது வற்புறுத்தியவை, தேவதாசியாகப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழித்தலும், இளமை மணத்தைத் தடுத்தலும், பெண்கல்வியைப் பரப்புதலுமாம். நாட்டின் கல்வி வளர்ச்சியை ஆராய அமைக்கப்பெற்ற ஹார்ட்டாக் குழுவிலும் உறுப்பினராய் அமர்ந்தார். 1930-இல் காந்தியடிகள் சிறைப்பட்டபோது அப்பதவியைத் துறந்தார். பொட்டுக்கட்டுதலைத் தடுக்குஞ் சட்டம் 1947-இல் நிறைவேறிற்று.

பெண்கல்வியையும் மணவயதையும் அம்மையார் ஏன் ஒருசேர எடுத்தனர் எனின், கூறுதும். பள்ளிக்கட்டடம் எழுப்பிப் பலகை தொங்கவிட்டால் மட்டும் பெண்கள் படித்துவிடார். பத்தாம் அகவையில் மணமாகும் பெண்ணுக்கு, பள்ளி வாயில் திறந்திருந்தென்? மூடியிருந்தென்? முத்துலட்சுமியின் வாழ்விலேயே, கல்லூரி வாயிலில் நின்ற தடைக்கு முன்னர், தம் வீட்டுக் கூடத்தில் நின்ற தடையே முதற்றடை. 1929-இல் சாரதா சட்டம் பெண்ணின் மணவயதைப் பதினான்காக்கிற்று, 1949-இல் அது பதினைந்தாயிற்று, 1978-இல் பதினெட்டாயிற்று. மணவயது உயர உயரவே பெண்கள் பள்ளியில் தங்கும் ஆண்டுகளும் பெருகின. 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு எழுபத்துமூவர் எழுத்தறிவுடையர். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லாத நிலையினின்று இந்நிலை எய்தியது சிறு செயலன்று.

அம்மையாரின் செயல்களுள் எம் உள்ளத்தை மிகவும் உருக்கியது ஒன்றுண்டு. 1930-இல், பொட்டுக்கட்டும் வாழ்வினின்று தப்பிவந்த இளம்பெண்கள் மூவர் அவர்தம் வாயிலிற் புகலிரந்து நின்றனர். படிக்க விழைந்த அவரைச் சேர்க்குமாறு மாணவியர் விடுதிகளை அம்மையார் வேண்டினார். அவர் பிறந்த மரபைக் கேட்டு விடுதிகள் மறுத்தன. கால் நூற்றாண்டுக்கு முன் புதுக்கோட்டையில் தம் செவிகேட்ட சொல்லே சென்னையிலும் மீண்டும் ஒலித்தது. இம்முறை ஆணையிட மன்னர் இலர். அம்மையார் தம் வீட்டையே விடுதியாக்கினார். அதுவே ‘ஔவை இல்லம்’.

அப்பெயரின் பொருத்தத்தை நோக்குமின். தந்தையை இழந்து திக்கற்று நின்ற பாரி மகளிரைக் கபிலர் உடனழைத்துச் சென்று, விச்சிக்கோவிடத்தும் இருங்கோவேளிடத்தும் மணம் வேண்டினார் என்று புறநானூறு கூறும். அவ்வேந்தர் மறுத்தனர். பின்னர் அம்மகளிர்க்கு அரணாய் நின்று நல்வாழ்வு அமைத்தவர் ஔவையே என்பது பிற்கால வழக்கு. அஃது எவ்வாறாயினும், வேந்தர் வாயில் அடைத்த வழி, புலமை வாய்ந்த மூதாட்டி வாயில் திறந்தாள் என்று தமிழ் மக்கள் நெடுங்காலமாக நம்பி வந்துளர். நம் பிரான்மலைச் சாரலிற் பிறந்த அக்கதைக்கு, முத்துலட்சுமி அம்மையார் சென்னையில் உயிரூட்டினார் என்று யாம் கருதுகின்றோம். புற்றுநோய்க்கு உடன்பிறந்தாளைப் பலிகொடுத்த துயரால் 1954-இல் அவர் அடையாற்றிற் புற்றுநோய் மருத்துவமனை கண்டதும், 1968 சூலை 22-இல் மறைந்ததும் யாவரும் அறிந்தனவே.

நம் செட்டிநாட்டிலும் இவ்வொளி படராமல் இல்லை. காரைக்குடியிலிருந்து ‘குமரன்’ இதழை நடாத்திய சொ. முருகப்பா, கைம்பெண் மறுமணத்துக்காகவும் பெண்ணுரிமைக்காகவும் ஊர்ப்பகை தாங்கி எழுதினார். அமராவதிபுதூரில் மகளிர் இல்லம் நிறுவித் திக்கற்ற பெண்கட்குக் கல்வியும் தொழிலும் அளித்தார். பள்ளத்தூரிற் சீதாலட்சுமி ஆச்சியின் பெயரால் மகளிர் கல்லூரி எழுந்தது. கோயில் திருப்பணிக்குக் கணக்கின்றி வழங்கிய கைகள் கல்விக்கும் வழங்கின. எனவே, முன்னோர் பெருமை பேசுவார்க்கு இப்பெருமையும் உண்டு. அஃதாவது, ஊர் ஏசவும் உள்ளம் தளராது நின்ற சிலரின் பெருமை.

இப்போராட்டம் பழங்கதை என்று எண்ணுவார் உலகை நோக்குக. பாக்கித்தான் நாட்டுச் சுவாத் பள்ளத்தாக்கில் 1997-இற் பிறந்த மலாலா யூசுப்சாய் என்னும் சிறுமி, தம் ஊரிற் பெண்கள் பள்ளி செல்லுதலைத் தாலிபானர் தடுத்தபோது, 2009-இல் புனைபெயர் பூண்டு தன் நாட்குறிப்பை உலகறிய எழுதினாள். அப்போது அவளுக்கு வயது பதினொன்று. 2012 அக்டோபர் 9-ஆம் நாள், பள்ளி வண்டியில் வந்துகொண்டிருந்த அவளைத் தலையிற் சுட்டனர். உயிர் பிழைத்தெழுந்து, முன்னினும் உரக்கப் பேசினாள். 2014-இல், தன் பதினேழாம் அகவையில், நம் நாட்டுக் கைலாசு சத்தியார்த்தியுடன் அமைதிக்குரிய நோபல் பரிசைப் பெற்றாள். அதனை ஒட்டிய ஆப்கானித்தானத்தில் 2021-இல் ஆட்சி மாறியபின், பெண்கட்கு உயர்நிலைப்பள்ளிக் கதவுகள் அடைபட்டன. 2022 இறுதியிற் பல்கலைக்கழகக் கதவுகளும் அடைபட்டன. திறந்த கதவு திறந்தே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

முத்துலட்சுமியையும் மலாலாவையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஓர் ஒற்றுமை புலனாம். நாடு வேறு, சமயம் வேறு, இடையே நூறாண்டுக்கு மேற்பட்ட காலம். ஆயினும் இருவர்க்கும் தந்தையார் ஆசிரியர். இருவர் தந்தையரும் ஊர்ச்சொல்லினும் மகள் சொல்லைப் பெரிதாக மதித்தனர். மகளின் துணிவு விளக்கின் சுடராயின், தந்தையின் துணிவு அதற்கு நெய்யாம்.

இவ்வளவும் உரைத்த யாம், எம் குறையொன்றை மறைத்தல் முறையாகாது. சில ஆண்டுகட்கு முன் எம்மிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி, பள்ளி இறுதித் தேர்வில் முதன்மையுற்றுக் கல்லூரியிலும் சேர்ந்தாள். முதலாண்டு முடிந்ததும் நல்லதோர் இடம் வந்ததென்று வீட்டார் மணம் உறுதிசெய்தனர். அவள் மாலைப்போதில் எம் இல்லம் தேடிவந்து, “ஐயா, அப்பாவிடம் ஒரு சொல் சொல்லுங்கள்; இன்னும் இரண்டே ஆண்டு” என்றாள். யாமும் சென்றோம். தந்தையார் நம் சமூகத்தில் மதிப்பு மிக்கவர். எம்மை உவந்து வரவேற்றுக் காப்பி அளித்தார். மாப்பிள்ளை வீட்டின் சிறப்பைக் கூறினார். பின், “பண்டிதர் தம் கையாலே வாழ்த்துப்பா ஒன்று எழுதித் தரல் வேண்டும்” என்றார். யாம் சொல்லச் சென்ற சொல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. வாழ்த்துப்பா எழுதிக்கொடுத்தோம். எட்டு விருத்தம், அவற்றுள் ஒன்றில் மணமகளைக் ‘கல்வியிற் சிறந்த நங்கை’ என்று பாடியும் இருந்தோம். மணப்பந்தலில் அதனை உரக்கப் படித்தபோது அவள் தலை நிமிர்ந்து எம்மை ஒருமுறை நோக்கினாள். அந்நோக்கை யாம் இன்றும் மறந்திலம்.

அவள் நன்கு வாழ்கின்றாள் என்று கேள்வியுறுகின்றோம், மகிழ்ச்சியே. ஆயினும், மன்னர் கல்லூரி வாயிலிற் பெற்றோர் கூடிக் கூச்சலிட்டு அடைத்த கதவை, யாம் காப்பி அருந்திக்கொண்டு அமைதியாகவே அடைத்தோம். அவர்க்கும் எமக்கும் வேறுபாடு ஓசையளவே.

இக்காலத்தே கதவடைக்கத் தடைச்சட்டமும் இல்லை, திரைச்சீலையும் இல்லை. ஆறு முதல் பதினான்கு அகவை வரை கல்வி ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமையென 2009-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. அரசுப் பள்ளியிற் படித்து மேற்படிப்பிற் சேரும் பெண்கட்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் அளிக்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் தொடங்கப்பெற்றது. அதற்கு முன்பிருந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயராலாகிய திருமண உதவித் திட்டமே படிப்புதவியாக மாற்றப்பெற்றது என்பது நுணுகி நோக்கற்பாலது. திருமணத்துக்கென்று கொடுத்த பணத்தைப் படிப்புக்கென்று கொடுக்க அரசே திரும்பியிருக்க, நாம் திரும்பலாகாதோ?

ஆதலின் நம் சங்கத்தாரை யாம் வேண்டுவன சிலவே. நம் கல்வி நிதியில், இடையே படிப்பு நின்ற பெண்கள் மீண்டும் தொடர்தற்கென ஒரு பகுதி ஒதுக்குக. மணமான பெண் தேர்வெழுத விரும்பின், கட்டணத்தைச் சங்கமே செலுத்துக. பெண்பார்க்கும் நாளில் நகைக்கணக்குப் பேசுமுன், படிப்பு எத்துணை ஆண்டு எஞ்சியுள்ளது என்று இருவீட்டாரும் பேசுக.

எம் பங்குக்கு யாம் ஓர் உறுதி பூண்டுள்ளோம். இனி வாழ்த்துப்பா வேண்டி எம்மை நாடி வருவார் வரட்டும். தமிழுக்கு எம்மிடம் குறைவில்லை. ஆயின், ஏடெடுக்குமுன் ஒன்று கேட்போம்: “மணமகள் தொடங்கிய படிப்பை முடித்தனளா?” முடித்திலள் எனின், பாட்டுக்கு முன்னர், அன்று தொண்டையில் நின்ற அச்சொல்லையே முதற்கண் சொல்வோம்.